ட்ரெய்லருக்குள் சர்ஜ் ப்ரொடெக்டர்: எந்த இடத்தில் இணைப்பது?

கேள்வி: அமெரிக்காவில் 30 ஆம்ப், 120 வோல்ட் ட்ராவல் ட்ரெய்லர் (வண்டியில் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு). ஜெனரேட்டரும், வெளி மின்சாரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் இடையே மாற்றும் ட்ரான்ஸ்ஃபர் சுவிட்சும் உண்டு. முகாம் இடத்தின் மின்கம்பத்தில் செருகும் வகை சர்ஜ் ப்ரொடெக்டர் (மின்னழுத்தக் கோளாறிலிருந்து காக்கும் பெட்டி) திருடு போகிறது என்பதால் உள்ளேயே பொருத்த நினைக்கிறேன். எங்கே வைக்கலாம்?

பதில் 1: ட்ரான்ஸ்ஃபர் சுவிட்சுக்கும் பிரேக்கர் பெட்டிக்கும் நடுவில் வையுங்கள்; ஜெனரேட்டர் கோளாறுக்கும் பாதுகாப்பு கிடைக்கும். சுவிட்சுக்கு முன்னால் வைத்தால் சுவிட்ச் தப்பும், ஆனால் ஜெனரேட்டர் கரன்ட் நேராக உள்ளே போகும். வெறும் சர்ஜ் பெட்டி வாங்காதீர்கள். அது வோல்டேஜின் திடீர் உச்சத்தை மட்டும் தடுக்கும். ஏசி கம்ப்ரஸரைக் கொல்வது பெரும்பாலும் குறைந்த வோல்டேஜ்தான். 104 வோல்ட்டுக்குக் கீழும் 132 வோல்ட்டுக்கு மேலும் போனால் மின்சாரத்தைத் துண்டிக்கும் மாடலாகப் பாருங்கள். 30 ஆம்ப் பிளக்பாயின்டில் தெரியாமல் 240 வோல்ட் கொடுத்துவைத்த இடங்களிலும் அதுதான் காப்பாற்றும்.

பதில் 2: வேலைக்கு முன் வெளி மின்சாரக் கேபிளைக் கழற்றி, ஜெனரேட்டரையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, மல்ட்டிமீட்டரில் சுழியம் காட்டுகிறதா என்று பாருங்கள். 10 கேஜ் செம்புக் கம்பிதான். கறுப்பு ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சை அல்லது வெறுங்கம்பி எர்த். கரன்ட் அளக்கும் வளையம் இருந்தால் ஃபேஸை அதற்குள் நுழைத்து எடுங்கள். திருகுகளை டார்க் டிரைவரால் (முறுக்கு விசையை அளவிடும் திருப்புளி) மேனுவலில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். தளர்ந்த முனைதான் ஓட்டத்தின் அதிர்வில் சூடாகிக் கருகும். நியூட்ரலையும் எர்த்தையும் ட்ரெய்லருக்குள் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

பதில் 3: சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் பலவற்றில் நியூட்ரல் மிதக்கும் (எர்த்துடன் இணைந்திருக்காது), அதனால் பெட்டி "எர்த் இல்லை" என்று காட்டித் துண்டிக்கும். ஜெனரேட்டரின் காலி பிளக்பாயின்டில் நியூட்ரல்–எர்த் இணைப்பு பிளக்கைச் செருகினால் சரியாகும். ஆன் ஆக இரண்டு நிமிடம் தாமதித்தால் பழுது என்று கழற்றிவிடாதீர்கள், அது கம்ப்ரஸருக்கான இடைவெளி.