சார்லட்டுக்குப் போன பெட்டிகள்: பட்டியல் எங்கே கிடைக்கும்?

மதுரையில் முதுகலை வரலாறு படிக்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவில் தென்தரப்பு ராணுவ ஆவணங்கள் என்ன ஆயின என்பது ஆய்வுத் தலைப்பு. பாதியில் முட்டி நிற்கிறது.

1865 ஏப்ரல் 2 இரவு தென்தரப்பின் தலைநகரான ரிச்மண்டைக் காலி செய்தபோது ஆவணங்களில் கொஞ்சம் ரயிலில் ஏறியது, கொஞ்சம் தீயில் போனது. ஏறியவற்றில் போர்த்துறைக் காகிதங்கள் வட கரோலினாவின் சார்லட் நகருக்குப் போய்ச் சேர்ந்து, மே மாதம் வடதரப்பின் கைக்கு வந்தன. வழியில் தொலைந்தவை எவை என்பதில்தான் சிக்கல்.

இந்தப் போரின் ஆவணங்களைத் தொகுத்து அமெரிக்க அரசு அச்சிட்ட 128 நூல்களில் 46, 47ஆம் தொகுதிகளை இணையத்தில் மேய்ந்துவிட்டேன். கடிதங்கள் கிடைத்தன, பெட்டிகளின் கணக்கு சிக்கவில்லை. ஜெராக்ஸ் எடுத்த பக்கங்களில் அடிக்குறிப்பெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. ஊர் நூலகங்களில் போர்க்களக் கதைகள்தான். அடுத்த மாதம் சமர்ப்பிக்க வேண்டும்.

சார்லட்டில் ஒப்படைத்த பெட்டிகளுக்குப் பெட்டிவாரியான பட்டியல் எங்கே கிடைக்கும்?