மறுமொழி: துப்பாக்கிக் கட்டைக்குப் பூசும் மெழுகுக்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

> 'மெருகேற்றி' போதாதா? சுருக்கமாக இருக்கிறதே.

சுருக்கம்தான். ஆனால் 'ஏற்றி' என்றதும் ஏதோ கருவி என்றே தோன்றுகிறது. அதோடு பளபளப்பு இங்கே இரண்டாவது வேலை. கட்டை, அதாவது துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பிடிக்கும் மரப்பகுதி, பெரும்பாலும் அக்ரூட் மரம். அதில் ஆளிவிதை எண்ணெயையோ டங் எண்ணெயையோ (டங் மரத்தின் விதையிலிருந்து எடுப்பது) ஊறவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகுதான் மெழுகு. மழை பட்டால் தண்ணீர் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக உருண்டு ஓட வேண்டும், கை வியர்வை மரத்தில் ஊறக் கூடாது. அதற்காகத்தான் பூசுகிறோம். (காற்றிலுள்ள ஈரத்தை மெழுகு முழுக்கத் தடுக்காது, தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.) ஆகவே சொல்லில் 'காப்பு' இருக்க வேண்டும் என்பது என் கட்சி: காப்புமெழுகு.

> டப்பாவில் குழைவாக வருகிறது, 'மெழுகுப்பசை' எனலாமே?

பசை என்றால் ஒட்டுவது. தேய்த்த பிறகும் கையில் ஒட்டினால் அளவுக்கு மீறிப் பூசிவிட்டோம் என்று அர்த்தம். அம்மா ஒருவர் சொன்ன 'மெழுகுக்களிம்பு' எனக்கும் பிடித்திருந்தது. டர்பன்டைனில் கரைத்த தேன்மெழுகை விரலால் வழித்தால் மருந்துக் களிம்பு போலவே வரும். ஆனால் செம்பில் பிடிக்கும் பச்சைக்கும் களிம்பு என்றுதானே பெயர்? தேன்மெழுகிலுள்ள கொழுப்பு அமிலங்கள் நாளடைவில் பித்தளைத் திருகின் ஓரத்தில் அந்தப் பச்சையை உண்டாக்கவும் கூடும். களிம்பு பூசப் போய்க் களிம்பு பிடித்த கதையாகிவிடும்!

அடுத்து வகைகள். தேன்மெழுகுக்குப் புதுச்சொல் தேவையில்லை. 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும், மென்மையானது. வெயிலில் கிடந்த கட்டையை எடுத்தால் விரல் தடம் அப்படியே பதியும்.

கார்னூபா மெழுகைப் 'பனைமெழுகு' ஆக்குவதை நான் ஏற்கவில்லை. பிரேசிலில் வளரும் ஒரு பனைவகையின் இலையிலிருந்து எடுப்பது உண்மைதான். ஆனால் பனை என்றால் தமிழ் வாசகருக்கு வேறு மரம் கண்முன் வரும். பெயர் அப்படியே இருக்கட்டும். உருகுநிலை 82 முதல் 86 டிகிரி. தனியாகப் பூசினால் தேய்த்து மாளாது, அதனால்தான் மற்ற மெழுகுகளோடு கலக்கிறார்கள்.

மூன்றாவது வகையான மைக்ரோகிரிஸ்டலின் மெழுகுக்கு 'நுண்படிக மெழுகு' கச்சிதம். பெட்ரோலியத்திலிருந்து வருவது, பாரஃபினைவிடப் படிகங்கள் சிறியவை, அமிலம் இல்லை. மரமும் உலோகமும் சேர்ந்த பழம்பொருள்களுக்கு அருங்காட்சியகங்களில் இதைத்தான் பூசுகிறார்கள். 1950களில் பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வகத்தில் உருவான ரெனசான்ஸ் மெழுகு இந்த வகைதான். பழைய துப்பாக்கி என்றால் நான் யோசிக்காமல் இதையே எடுப்பேன்.

---

ஐயா, காப்பு என்றால் கையில் போடுவதுதானே முதலில் நினைவுக்கு வருகிறது? இன்னொன்று, சிலிக்கோன் கலந்த மெருகுகளுக்கும் இதே சொல்லா? அவற்றைப் பூசிவிட்டால் பிறகு எண்ணெயோ வார்னிஷோ சரியாகப் பிடிப்பதில்லை.

---

காப்பீடு, காப்புரிமை எல்லாம் வந்த பிறகு யாரும் வளையலைத் தேடுவதில்லை. சிலிக்கோன் பற்றிச் சொன்னது சரி. அதைச் 'சிலிக்கோன் மெருகு' என்றே பிரித்து வைப்போம், மெழுகு என்ற சொல்லை அதற்குக் கொடுக்க வேண்டாம். அப்புறம், 'துப்பாக்கி' என்ற முன்னொட்டும் வேண்டாம். கத்திப்பிடிக்கும் மேசைக்கும் பூசுவது இதே மெழுகுதான்.

ஒன்று பாக்கி. வழுக்காமல் பிடிக்கக் கட்டையில் குறுக்கும் நெடுக்குமாகச் செதுக்கியிருப்பார்களே, மெழுகு போய் வெள்ளையாக அடைத்துக்கொள்ளும் இடம், பழைய பல்துலக்கியால்தான் எடுக்க முடியும். அதற்குக் 'கொத்துவரி' எனலாமா? வேறு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.