காந்தத் தூண்டலா, உசுப்பலா, துடிப்பூட்டலா?

வணக்கம்.

தலைமேல் வைத்த கம்பிச்சுருளால் மூளைக்குக் காந்தத் துடிப்புகள் கொடுக்கும் சிகிச்சையைப் பற்றி (TMS), "மண்டையோட்டினூடான காந்தத் தூண்டல்" என்று எழுதத் தொடங்கினால் முதல் பத்தியிலேயே இடறுகிறது. கம்பிச்சுருளில் சில நூறு மைக்ரோநொடி பாயும் மின்னோட்டம் ஏறத்தாழ 1.5 முதல் 2 டெஸ்லா காந்தப்புலத்தை எழுப்பி அடங்குகிறது. மாறும் அந்தப் புலம் மூளைப் புறணியில் (மூளையின் மேலடுக்கில்) மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. பள்ளி இயற்பியலில் இதற்குப் பெயர் மின்காந்தத் தூண்டல். அந்த மின்னோட்டம் நரம்பணுவை எழுப்புவதையும் தூண்டல் என்கிறோம். "தூண்டலால் தூண்டப்பட்ட மின்னோட்டம் நரம்பைத் தூண்டுகிறது" என்ற வரியை எப்படித் திருத்துவது? இயற்பியல் சொல் வேரூன்றிவிட்டது, மருத்துவச் சொல்தான் நகர வேண்டும். "காந்த உசுப்பல்" எனலாமா?

*

> காந்த உசுப்பல்

உயிருள்ள சொல்தான், ஆனால் பாதி உண்மை. நொடிக்கு ஒரு துடிப்பு வீதம் தொடர்ந்து கொடுத்தால் புறணியின் கிளர்திறன் (எளிதில் எழும் தன்மை) பொதுவாகக் குறைகிறது. நொடிக்கு ஐந்தும் அதற்கு மேலும் போனால் கூடுகிறது. துடிப்புகளைக் கொத்துக் கொத்தாகக் கொடுக்கும் தீட்டா முறையைப் பாருங்கள். 50 ஹெர்ட்சில் மூன்று துடிப்பு சேர்ந்தால் ஒரு கொத்து, நொடிக்கு ஐந்து கொத்து. 2 நொடி கொடுத்து 8 நொடி நிறுத்தி (இதுவே இடைவிட்ட முறை), இப்படி 20 சுற்று போனால் 600 துடிப்பு, மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்: கிளர்திறன் கூடும். அதே 600ஐ இடைவிடாமல் 40 நொடியில் கொடுத்தால் குறையும். (ஆளுக்கு ஆள் மாறும் என்பது வேறு கதை.) அடக்குவதற்கும் உசுப்பல் என்றே பெயர் வைப்பதா? விளைவைச் சொல்லாமல் செயலை மட்டும் சொல்லும் "மண்டையூடு காந்தத் துடிப்பூட்டல்" பொருந்தும்.

தண்டுவட மரப்பு (மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் நோய், multiple sclerosis) நோயாளிகளின் கால் இறுக்கத்தைப் பற்றி எழுதும்போது இது இன்னும் முக்கியம். "மூளையை உசுப்பினால் தசை மேலும் இறுகாதா?" என்று வாசகர் கேட்பார். நடப்பது மறுதலை: இயக்கப் புறணியின் (உடல் அசைவை ஆளும் பகுதியின்) கிளர்திறன் கூடும்போது, அங்கிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் கட்டுப்பாடு வலுப்பெற்று, கட்டவிழ்ந்து கிடக்கும் நீட்சி மறிவினை (நீட்டினால் தசை தானாகச் சுருங்குவது) அடங்குகிறது. ஐரோப்பிய வல்லுநர் குழுவின் 2020 வழிகாட்டுதல், இடைவிட்ட தீட்டா முறைக்கு இதில் "பெரும்பாலும் பயன் உண்டு" என்ற பி நிலை தந்திருக்கிறது.

*

துடிப்பூட்டலை ஏற்கிறேன். ஒரு முட்டல் மட்டும்: ஆளுக்கு எவ்வளவு வலுவான துடிப்பு வேண்டும் என்று அளவு பார்க்கையில் தசை சுண்டுவதையும் துடிப்பு என்பார்கள். அதைத் "தசைச் சுண்டல்" என்று பிரித்துவிடலாம். சிரிக்காதீர்கள், வேறு நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

"இறுக்கம்" (spasticity) என்பதையும் அப்படியே விடமுடியாது. மூட்டை மெல்ல நீட்டினால் வழிவிட்டு, வெடுக்கென நீட்டினால் மறிக்கும் தசையின் நிலை இது. பார்க்கின்சன் நோயில் எந்த வேகத்தில் அசைத்தாலும் ஈயக்குழாயை வளைப்பதுபோல் ஒரே எதிர்ப்பு; விறைப்பு என்ற சொல் அதற்கே இருக்கட்டும். இழுப்பு என்றால் வலிப்பு என்றோ மூச்சிரைப்பு என்றோதான் காதில் விழும். வலிப்பு இந்தச் சிகிச்சையின் அரிய பக்கவிளைவும் ஆகையால் குழப்பம் ஆபத்தானது. "விரைவிறுக்கம்" என்றால் வேகமாக முற்றும் நோய் என்று படும். ஆகவே "எதிரிறுக்கம்": நீட்டலை எதிர்த்து இறுகுவது. வேகம் வரையறையில் இருந்தால் போதும்.

*

எதிரிறுக்கத்துக்கு என் வாக்கும். சொற்றொடரில் வைத்துப் பார்த்தேன்: "காலுக்கான இயக்கப் புறணி நடுப்பிளவின் ஆழத்தில் இருப்பதால், எட்டு வடிவத் தட்டைச் சுருளைவிட மடிந்த இரட்டைக் கூம்புச் சுருள் எளிதில் எட்டும், எதிரிறுக்கத்துக்கான துடிப்பூட்டலில் சுருள் தேர்வு முக்கியம்." இடறவில்லை.