எம்ஆர்எஸ்ஏ தொற்று: மறக்க முடியாத அனுபவங்கள்
(எம்ஆர்எஸ்ஏ: பெனிசிலின் வகை போன்ற வழக்கமான நோய் எதிர்ப்பு மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி)

ஒரு தாய்:
மகனின் தொடையில் வந்ததைச் சிலந்திக்கடி என்றே எல்லோரும் சொன்னார்கள். செபலெக்சின் என்ற நோய் எதிர்ப்பு மாத்திரையை முழுவதும் கொடுத்து முடித்த பிறகும் கட்டி சிவந்து, தொட்டால் அனலாகக் கொதித்தது. மரத்துப்போக ஊசி போட்டு மருத்துவர் கீறியதும் கெட்டியான சீழ் பீறிட்டு வந்ததும், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பிள்ளை "வலி போயிடுச்சும்மா" என்றதும் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன. கீறுவதுதான் முதல் வைத்தியம் என்றால் அதை ஏன் தள்ளிப்போட்டார்கள்?

ஆய்வகப் பணியாளர்:
அந்த மாத்திரை கேட்காததில் வியப்பில்லை. மெக்-ஏ என்ற மரபணு உள்ள எம்ஆர்எஸ்ஏ கிருமி, செல்சுவர் கட்டுவதற்கு வேறொரு புரதத்தை வைத்துக்கொள்வதால், பெனிசிலின் வகைகளும் செபலெக்சின் உள்ளிட்ட பெரும்பாலான செபலோஸ்போரின்களும் அதனிடம் பலிப்பதில்லை. என்னை உறுத்துவது வேறு. ஒரு சீழ் மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்த தட்டில், கிளிண்டமைசின் மருந்து வில்லையைச் சுற்றி, கிருமி வளராத நல்ல தெளிவான வளையம் இருந்தது. ஆனால் எரித்ரோமைசின் என்ற இன்னொரு மருந்தின் வில்லை இருந்த பக்கம் மட்டும் அந்த வளையம் சீவிவிட்டதுபோல் தட்டையாக இருந்தது; கிளிண்டமைசினையும் எதிர்க்கும் திறன் அந்தக் கிருமிக்குள் ஒளிந்திருக்கிறது என்பதன் அடையாளம் அது. அதைக் கவனிக்காமல் "கேட்கும்" என்று அறிக்கை போயிருந்தால், சிகிச்சையின் நடுவிலேயே மருந்து பலிக்காமல் போயிருக்கலாம். தயவுசெய்து புண்ணின் மேற்பரப்பைத் துடைத்து அனுப்பாதீர்கள், சீழையே அனுப்புங்கள்.

செவிலியர்:
எம்ஆர்எஸ்ஏவுக்கு நரம்பு வழியே ஏற்றும் வான்கோமைசின் மருந்து வேகமாக இறங்கியதில் ஒரு பெரியவரின் முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று ஆகி, அரிப்புத் தாங்காமல் அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சொட்டை நிறுத்தி, அரிப்பு அடங்கியபின் மெதுவாக ஏற்றியபோது ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் அவருடைய குறிப்பில் யாரோ "ஒவ்வாமை" என்று எழுதிவிட்டார்கள். இரத்தத்தில் தொற்று பரவி அவர் மறுபடி வந்தபோது, அந்த ஒரு சொல்லால் தேவையான மருந்து தள்ளிப்போனது.

இன்னொரு வாசகர்:
எங்கள் வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்குக் கட்டி வந்தது, கதை அவ்வளவுதான். ஆய்வகப் பணியாளர் சீழோடு நிறுத்திக்கொண்டார், மூக்கை மறந்துவிட்டார். ஏறத்தாழ 30 விழுக்காட்டினரின் மூக்கில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் நோய் எதுவும் தராமல் குடியிருக்கிறது. அவர்களில் சிலரிடம் இருப்பது மட்டுமே எம்ஆர்எஸ்ஏ. ஆகவே மூக்கில் கிருமி இருக்கிறது என்பதற்காகவே நோய் எதிர்ப்பு மாத்திரை விழுங்க வேண்டாம். கட்டி திரும்பத் திரும்ப வந்தால் மூக்கினுள் முபிரோசின் என்ற கிருமிக்கொல்லிக் களிம்பும், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் குளியலும் மருத்துவர் சொல்லும் கால அளவுக்கு மட்டும் போதும். கண்டபடி தடவினால் முபிரோசினும் கேட்காமல் போகும். துண்டு, சவர அலகு, உள்ளாடை எதையும் பகிரக் கூடாது. புண்ணை மூடிவைத்து, கட்டு மாற்றிய கையைச் சோப்பால் கழுவ வேண்டும். தாயாரே, தம்பிக்குக் காய்ச்சல் வந்தாலோ சிவப்பு சுற்றிலும் படர்ந்தாலோ கீறியது மட்டும் போதாது, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

ஒரு தாய்:
நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.