கல்யாண கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றினால் படம் கருப்பு வெள்ளையாக வருகிறது, என்ன செய்வது?

தேனிப்பையன்:
வணக்கம். அப்பா அம்மா கல்யாண வீடியோ, 1991இல் எடுத்தது, இரண்டு விஎச்எஸ் கேசட்டில் இருக்கிறது. தாத்தாவின் குரல் இதில் மட்டும்தான் இருக்கிறது, எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும். சித்தப்பா வீட்டு டெக் (கேசட் ஓட்டும் விசிஆர்) இன்னும் நன்றாக ஓடுகிறது. டெக்கின் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் மலிவான யுஎஸ்பி கேப்சர் ஒன்று வாங்கி, மஞ்சள் வெள்ளை சிவப்பு ஒயரை மாட்டி, ஓபிஎஸ் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் பார்த்தால் படம் கருப்பு வெள்ளையாக, மேலும் கீழுமாக உருண்டுகொண்டே வருகிறது. அதே டெக்கை டிவியில் மாட்டினால் கலர் சரியாக வருகிறது. இரண்டாவது கேசட்டை இன்னும் போடவில்லை. அதன் கண்ணாடி வழியாகப் பார்த்தால் டேப் சுருளின் மேல் திருநீறு தூவிய மாதிரி வெள்ளையாக இருக்கிறது. துடைத்துவிட்டுப் போடலாமா?

பழையடெக்:
தம்பி, அந்த இரண்டாவது கேசட்டை டெக்கில் போட்டுவிடாதீர்கள். அது பூஞ்சணம். ஒரு தடவை ஓட்டினாலே டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு படம் முழுக்கப் புள்ளியாகும், அதோடு அடுத்து போடுகிற நல்ல கேசட்டிலும் ஏறிவிடும், சில சமயம் சுருள் ஒன்றோடொன்று ஒட்டி டேப்பே கிழியும். கேசட்டைத் தனியாக ஒரு கவரில் போட்டு, ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். பூஞ்சணம் சுத்தம் செய்யத் தெரிந்தவர்களிடம் கொடுப்பது நல்லது. நீங்களே திறப்பதென்றால் மாஸ்க் போடாமல் திறக்க வேண்டாம், அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது.

நல்ல கேசட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல் உடையாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். அப்புறம் யார் கை தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது.

நெல்லைசிவா:
கருப்பு வெள்ளைக்குக் காரணம் டெக் இல்லை, கேசட்டும் இல்லை. நம் ஊர் கேசட் பால் (PAL) என்ற டிவி முறை, 625 வரி, வினாடிக்கு 25 படம். உங்கள் கேப்சர் என்டிஎஸ்சி என்ற அமெரிக்க முறையில் நிற்கிறது, அது 525 வரி, அதனால்தான் கலரும் போய் படமும் உருள்கிறது. ஓபிஎஸ்ஸில் அந்த டிவைஸின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, 'கான்ஃபிகர் வீடியோ'வை அழுத்தி, 'வீடியோ டிகோடர்' பக்கத்தில் பால்_பி என்று மாற்றுங்கள். அளவு 720x576, வேகம் 25 என்று வையுங்கள். அமெரிக்கா, கனடாவிலிருந்து சொந்தக்காரர்கள் அனுப்பிய கேசட் இருந்தால் அதற்கு மட்டும் திரும்ப என்டிஎஸ்சி.

தேனிப்பையன்:
மாற்றியதும் கலர் வந்துவிட்டது, ரொம்ப நன்றி அண்ணா! தாலி கட்டும் இடம் வரை பார்த்துவிட்டோம், அம்மா அழுதுவிட்டார். ஆனால் போகப் போக படம் முன்னால் ஓடுகிறது, நாதஸ்வரம் பின்னால் கேட்கிறது. இரண்டாவது கேசட்டைக் கவரில் போட்டு வைத்துவிட்டேன்.

நெல்லைசிவா:
பழைய டேப்பில் சிக்னலின் நேரம் ஒரே சீராக இருக்காது. டிவி அதைப் பொறுத்துக்கொள்ளும், மலிவான கேப்சர் தடுமாறி நடுநடுவே சில படங்களை விட்டுவிடும், சத்தம் மட்டும் விடாமல் ஓடும், இடைவெளி அப்படித்தான் கூடிக்கொண்டே போகிறது. டெக்குக்கும் கேப்சருக்கும் நடுவில் ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரை வைத்து அதன் வழியாக சிக்னலை அனுப்பிப் பாருங்கள், பானாசோனிக் இஎஸ்10 இதற்கென்றே பலர் தேடி வாங்குவது. கிடைக்கவில்லை என்றால் ஓபிஎஸ்ஸை விட்டு விர்ச்சுவல்டப் என்ற மென்பொருளில் ஏற்றுங்கள், விட்ட படங்களை எண்ணிக் காட்டும், ஈடுகட்டவும் செய்யும்.

முதல் பிரதியை, தரம் குறையாமல் சேமிக்கும் ஹஃப்ஒய்யுவி முறையில் வையுங்கள், மணிக்கு சுமார் 30 ஜிபி பிடிக்கும், பரவாயில்லை. அட்சதை போடுகிற கை ஓரம் கோடு கோடாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், டேப்பில் ஒற்றை வரியும் இரட்டை வரியும் மாறி மாறிப் பதிவாவதால் வருவது. மூலத்தைத் தொடாமல், குடும்பத்துக்கு அனுப்பும் பிரதியில் மட்டும் டிஇன்டர்லேஸ் செய்யுங்கள், அதாவது அந்தக் கோடுகளை நீக்குங்கள். வினாடிக்கு 50 படமாக மாற்றினால் அசைவு டிவியில் பார்த்தது போலவே வரும்.

பழையடெக்:
இன்னொன்று. ஏற்றுவதற்கு முன் கேசட்டைக் கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுத் தொடங்குங்கள், வருடக்கணக்கில் இறுகிக் கிடந்த டேப் தளரும். ஏற்றி முடித்த பிறகும் கேசட்டைத் தூக்கிப் போட வேண்டாம், நிமிர்த்தி நிற்கிற மாதிரி வையுங்கள். டெக்கையும் விற்காதீர்கள். கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் கம்பெனியே 2016இல் நிறுத்திவிட்டது, இனி புதிது வராது.