ஒட்டிவைத்த ஆல்பம் கணினிக்குப் போனபோது: வடசென்னைக்காரர்களின் அனுபவங்கள்

ராயபுரம் அக்கா:

காகிதத்தில் வெட்டி ஒட்டி ஸ்கிராப்புக் (படமும் குறிப்பும் ஒட்டிய நினைவு ஆல்பம்) செய்துகொண்டிருந்தவர்கள் யாராவது இப்போது கணினியில் செய்கிறீர்களா? எப்படி மாறினீர்கள், எது சுலபமாகக் கைக்கு வந்தது, எது வரவில்லை என்று இங்கே எழுதுங்கள். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் சுவரெல்லாம் ஓதம் ஏறிவிடும். பீரோவுக்குள் எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் ஆல்பத்தின் அட்டை நமுத்துப்போகும். அதைக்கூடச் சமாளிக்கலாம், ராமபாணப் பூச்சியைச் சமாளிக்க முடியாது. அதற்கு மாவுச்சத்து என்றால் உயிர். அந்தக் காலத்தில் நாங்கள் ஒட்டியதெல்லாம் வீட்டில் காய்ச்சிய மைதா பசையில்தான். பசை இருக்கும் இடமாகப் பார்த்து அரித்து, படத்தின் நாலு மூலையையும் தின்றுவிட்டிருக்கும். செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டியவை வேறு மாதிரிப் போயின. அந்தத் தாளில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது, வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுத்துவிடும். அதிலிருந்து வரும் அமிலம் பக்கத்தில் இருக்கும் படத்தையும் பழுக்கவைக்கும்.

ஆனால் நான் மாறியதற்குப் பூச்சி மட்டும் காரணம் இல்லை. எங்கள் அம்மா ஒவ்வொரு படத்துக்குக் கீழும் நீலப் பேனாவில் ஒரு வரி எழுதுவார். "அகஸ்தியாவில் படம் பார்த்துவிட்டு வந்த அன்று. சின்னவனுக்கு ராத்திரியே காய்ச்சல்." அவ்வளவுதான். ஆல்பம் ஒன்று, பிள்ளைகள் நாலு பேர். அம்மா போன பிறகு அது யார் வீட்டில் இருப்பது என்று பேச்சு வந்தது. சண்டை ஒன்றும் இல்லை, ஆனால் எல்லாருக்கும் அது வேண்டும். அதற்காகத்தான் ஸ்கேனர் வாங்கினேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: படத்தை மட்டும் ஸ்கேன் செய்து, கீழே இருக்கும் வரியைத் தட்டச்சு செய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அந்தக் கையெழுத்தையும் எடுங்கள். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகும் அம்மா தும்பிக்கை வைத்த பழைய 'லை'யைத்தான் போடுவார். பேனா சரியாக எழுதாத இடத்தில் இரண்டு தடவை இழுத்திருப்பார். எந்த எழுத்துருவிலும் அது வராது.

செய்முறை ரொம்பச் சுலபம். எழுத்து இருக்கும் பகுதியை 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில், ஸ்கேன் செய்யுங்கள். படம் திருத்தும் மென்பொருளில் லெவல்ஸ் என்ற வெளிச்ச அமைப்புக்குப் போய், பழுப்பேறிய தாள் வெள்ளையாகும்வரை ஏற்றுங்கள். பிறகு அந்த லேயரை, அதாவது படத்தின் அந்த அடுக்கை, 'மல்டிப்ளை' முறைக்கு மாற்றினால் வெள்ளை மறைந்து மை மட்டும் நிற்கும். கீழே எந்தப் பின்னணி வைத்தாலும் அதன்மேலேயே எழுதியதுபோல் இருக்கும். நான் அம்மாவின் சுங்குடிச் சேலையை ஸ்கேனர் கண்ணாடியில் விரித்து எடுத்து, அதைப் பின்னணியாக வைத்திருக்கிறேன். சுருக்கமில்லாமல் விரித்து, மேலே ஒரு வெள்ளை அட்டையை வைத்து மூடினால் நெசவு இழைகூடத் தெரியும். காசு கொடுத்து வாங்கும் டிஜிட்டல் தாள்களைவிட இது எவ்வளவோ மேல்.

மென்பொருளைப் பற்றிக் கேட்பீர்கள். நான் ஜிம்ப் பயன்படுத்துகிறேன். இலவசம், தமிழ் எழுத்தும் உடையாமல் வரும். ஃபோட்டோஷாப்பில் 'கொ', 'கோ' எல்லாம் பிய்ந்து வந்தால் பதற வேண்டாம். எழுத்து அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி' என்று ஒரு தேர்வு உண்டு, அதைப் போட்டால் சரியாகிவிடும். பக்க அளவு 12க்கு 12 அங்குலம், 300 டிபிஐ, அதாவது 3600 பிக்சல் சதுரம். ஒட்டியதுபோல் தெரிய நிழல் போடும்போது ஒரு பக்கத்தில் இருக்கும் எல்லாப் பொருளுக்கும் ஒரே திசையில் போடுங்கள். ஒன்று இடப்பக்கமும் இன்னொன்று வலப்பக்கமும் விழுந்தால், என்ன தப்பு என்று தெரியாமலேயே கண் உறுத்தும்.

கொருக்குப்பேட்டை தம்பி:

அக்கா, நான் வேறு வழியில்லாமல் மாறியவன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது உங்களுக்கெல்லாம் தெரியும். எங்களுக்குத் தரைத்தளம். கட்டிலுக்கு மேல் அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு, பாப்பாவின் பள்ளிக்கூடப் பை என்று ஏற்றிவைத்தோம். ஆல்பம் இருந்த பெட்டி கட்டிலுக்கு அடியில். தண்ணீர் வடிந்த பிறகு திறந்தால், பக்கத்தோடு பக்கம் ஒட்டி ஒரே கட்டி.

பக்கத்துத் தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன்தான் வழி சொன்னார். "காய விடாதே, காய்ந்தால் போச்சு" என்றார். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் ஊதி, காயும்போது எதிரே இருக்கும் படத்தையோ பிளாஸ்டிக் தாளையோ பிடித்துக்கொள்ளும். நல்ல தண்ணீர் கிடைப்பதே பாடாக இருந்த நேரம் அது. இருந்தாலும் ஒரு டப்பில் குடிதண்ணீர் ஊற்றி, படங்களை ஊறவிட்டு, தானாக விலகும்வரை காத்திருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பழைய வேட்டியை நிழலில் விரித்து, முகம் மேலே பார்க்கப் பரப்பினோம். ஃபோட்டோ லேபில் போட்ட படங்கள் ஓரளவு தப்பின. நான் இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்து ஒட்டியவை மொத்தமும் கரைந்துவிட்டன. ஸ்கெட்ச் பேனாவில் எழுதியதும் போச்சு, பால்பாயின்ட் பேனாவில் எழுதியது மட்டும் நின்றது.

என் தங்கையின் காதுகுத்து வைத்த பக்கம் சுத்தமாகப் போய்விட்டது. மாமன் மடியில் உட்கார்ந்து அவள் அழுகிற படம். அந்தப் பக்கத்தைப் பெரியக்கா எப்போதோ போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அது மட்டும்தான் இன்று இருக்கிறது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. அதனால் சொந்தக்காரர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: படத்தைப் படமாக அனுப்பாதீர்கள், டாக்குமென்ட் என்று போட்டு அனுப்புங்கள்.

இப்போது எல்லாம் கணினியில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. ஹார்ட் டிஸ்க் மாமியார் வீட்டில், இரண்டாவது மாடியில் இருக்கிறது.

வண்ணாரப்பேட்டை:

நான் மாறவில்லை, மாறப்போவதும் இல்லை. எம்.சி. ரோட்டில் தையல் கடைகளில் விழும் சரிகைத் துணுக்கு, ஜாக்கெட் துணி, லேஸ் எல்லாம் சேர்த்து ஒட்டுகிறேன். விரலை வைத்தால் அது சரிகை என்று தெரிய வேண்டும். நிழல் போட்டுக் காட்டினால் போதாது. என் பேத்திக்குக் கண் பார்வை குறைவு. அவள் என் ஆல்பத்தைத் தடவித் தடவித்தான் பார்ப்பாள். ஆனால் தம்பி எழுதியதைப் படித்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் எடுத்து வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது. ஒட்டுவது மட்டும் என் கையால்தான்.

பெரம்பூர் கேரேஜ்:

அப்பா கேரேஜ் ஒர்க்ஸில், அதாவது ரயில் பெட்டிப் பட்டறையில், வேலை பார்த்தவர். அதனால் எங்கள் வீட்டில் படத்தைவிட ரயில் டிக்கெட் அதிகம். பழைய அட்டை டிக்கெட் இருக்கிறதே, எட்மண்ட்சன் டிக்கெட், அதுதான் என் ஸ்கிராப்புக்கின் உயிர். அகலம் 57 மில்லிமீட்டர், உயரம் முப்பது சொச்சம். 600 டிபிஐ-யில் எடுத்தால் கிட்டத்தட்ட 1350 பிக்சல் அகலம் கிடைக்கும். 300 டிபிஐ பக்கத்தில் அதை இரண்டு மடங்கு பெரிதாக வைத்தாலும் மங்காது. காகித ஆல்பத்தில் இதைச் செய்யவே முடியாது. ராயபுரம் என்று அச்சடித்த டிக்கெட் ஒன்றைப் பக்கம் முழுக்கப் பெரிதாக்கி, அதற்குள் நிலையத்தின் தூண் வரிசையை வைத்திருக்கிறேன். 1856-ல் திறந்த நிலையம், தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கேயிருந்துதான் கிளம்பியது. அதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்தால் என்ன?

ஒரு நுணுக்கம் சொல்கிறேன். டிக்கெட்டில் அழுத்திய தேதியின் மை போய், தடம் மட்டும் இருக்கும். ஸ்கேனரில் அந்தத் தடம் சரியாகத் தெரியாது. டிக்கெட்டை மேசையில் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்தாற்போல் பிடித்துப் போனில் எடுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து தேதி எழுந்து நிற்கும். அப்பாவும் அம்மாவும் கல்யாணமாகி முதல்முதலாகப் போன பயணத்தின் தேதியை இப்படித்தான் படித்தேன். அதுவரை வீட்டில் ஆளுக்கொரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று, இப்போது வரும் சினிமா டிக்கெட், கடை பில் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாள். சூட்டில் மங்கும், பிளாஸ்டிக் உறையில் போட்டால் இன்னும் சீக்கிரம் போகும். வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள். அக்கா, உங்கள் அகஸ்தியா டிக்கெட் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? 2020-ல் தியேட்டரை மூடியபோது நான் கடைசியாக வாசலை மட்டும் படம் எடுத்தேன்.

திருவொற்றியூர் டீச்சர்:

என்னிடம் படங்கள் குறைவு. கோல நோட்டுதான் இருக்கிறது. பாட்டி தொடங்கி, அம்மா தொடர்ந்து, பாதி நான் போட்டது. புள்ளி பென்சிலில், கோடு பேனாவில். பக்கத்து ஓரத்தில் "15 புள்ளி, ஊடுபுள்ளி 8" என்று குறிப்பு. சில பக்கங்களில் வாரப் பத்திரிகையிலிருந்து வெட்டிய மார்கழிக் கோலம் ஒட்டியிருக்கும்.

பென்சில் கோடு ஸ்கேனில் வெளிறிப்போகும். கறுப்பு வெள்ளையில் எடுக்காமல் வண்ணத்தில் எடுத்து, அப்புறம் கான்ட்ராஸ்ட் ஏற்றினால் பிடிபடும். அந்தக் கோலங்களையே பக்கங்களுக்குச் சட்டமாக வைக்கிறேன். தேர் கோலத்துக்கு நடுவில் எங்கள் தியாகராசர் கோயில் படம், படிக்கோலத்தைச் சுற்றி வீட்டு வாசல். கோடுகளை இங்க்ஸ்கேப் என்ற மென்பொருளில் வெக்டராக, அதாவது கணினியே வரையும் கோடாக, மாற்றியும் பார்த்தேன். கோடு வழுவழுவென்று வந்தது, ஆனால் பாட்டியின் கை நடுக்கம் போய்விட்டது. அதனால் ஸ்கேனையே வைத்துக்கொண்டேன். இந்தப் பக்கங்களை அச்சுப் போட நல்ல வழி இருக்கிறதா? சதுரப் பக்கம் என்றால் நான் கேட்ட கடைகளில் முழிக்கிறார்கள்.

ராயபுரம் அக்கா:

டீச்சர், பாட்டியின் கோட்டை அப்படியே விட்டது ரொம்ப நல்லது. அச்சுக்குச் சுலபமான வழி இருக்கிறது. கல்யாண ஆல்பம் போடும் லேப்களுக்கு 12க்கு 36 அங்குலம் பழக்கமான அளவு. உங்கள் சதுரப் பக்கங்கள் மூன்றை வரிசையாக ஒரே ஃபைலில் வையுங்கள், 10800க்கு 3600 பிக்சல். எஸ்ஆர்ஜிபி என்ற நிற முறையில் ஜேபெக் ஃபைலாகக் கொடுத்தால் பெரும்பாலான லேப்களில் எடுத்துக்கொள்வார்கள். வந்ததும் மூன்றாக வெட்டிக்கொள்ளலாம். திரையில் பளிச்சென்று தெரியும் நிறம் தாளில் கொஞ்சம் இருண்டு வரும், அதனால் முதலில் ஒரே ஒரு தாள் போட்டுப் பாருங்கள். எடிட் செய்யும் மூல ஃபைலை லேயரோடு தனியாகச் சேமியுங்கள். ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தரம் இறங்கும்.

வண்ணாரப்பேட்டை அம்மா, உங்கள் சரிகைப் பக்கங்களை ஸ்கேனரில் அழுத்த வேண்டாம், லேஸ் நசுங்கிவிடும். மொட்டை மாடியில், மேகம் போட்ட நாளில், நேர் மேலே இருந்து போனில் எடுங்கள். பேத்தி தொட்டுப் பார்க்கும் ஆல்பம் அப்படியே இருக்கட்டும்.

பெரம்பூர் சார், அகஸ்தியா டிக்கெட் ஒன்றே ஒன்று இருக்கிறது, இளஞ்சிவப்பு, பாதி கிழித்தது. உங்கள் டார்ச் வழியில் இன்று ராத்திரி எடுத்துப் பார்க்கிறேன். சீட்டு எண் தெரிந்தால் இங்கே போடுகிறேன்.