மறு: பால்பார்க் ஃபிகர், ரூல் ஆஃப் தம்ப் எல்லாமே தோராயம்தானா?

எல்லாருக்கும் வணக்கம்,

> மூணுக்கும் தோராயம்னே போட்டுட்டா வேலை முடிஞ்சுது

பால்பார்க் ஃபிகர், பேக் ஆஃப் தி என்வலப், ரூல் ஆஃப் தம்ப்னு மூணு ஆங்கிலச் சொல்லுக்கு நம்ம சொற்பட்டியல்ல தமிழ் தேடறோம், அதுல இதுக்கு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். பால்பார்க் ஃபிகர்ங்கிறது உத்தேசமா சொல்ற ஒரு எண், பேக் ஆஃப் தி என்வலப் கடித உறையோட பின்பக்கத்துல கிறுக்கிப் பாக்கற மாதிரி ஒரு கணக்கு, ரூல் ஆஃப் தம்ப் நடைமுறைக்குப் போதுமான ஒரு விதி. கிளையன்ட் "பால்பார்க் சொல்லுங்க"ன்னா அவருக்கு வேண்டியது லட்சத்துல முடியுமா கோடியைத் தொடுமாங்கிறதுதான், எப்படி வந்துச்சுன்னு கேக்க மாட்டார். இதுக்கு நம்மகிட்ட குத்துமதிப்பு இருக்கவே இருக்கு. கொச்சைன்னு சிலர் மூஞ்சி சுளிப்பாங்க, பேஸ்பால் மைதானத்துலேர்ந்து வந்த பால்பார்க் மட்டும் என்ன பண்டிதர் சொல்லா?

என்வலப் விஷயம் வேற. 1945 ஜூலை 16, அமெரிக்கா நடத்தின ட்ரினிட்டிங்கிற முதல் அணுகுண்டு சோதனையில இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி காகிதத் துண்டுகளைக் கையிலேர்ந்து விட்டு, அதிர்வலை வந்தப்போ அந்தத் துண்டுங்க சுமார் ரெண்டரை மீட்டர் தள்ளிப்போனதை வச்சு குண்டோட சக்தி 10,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம்னு சொன்னார், பிற்பாடு போட்ட மதிப்பீடு 20,000 டன்னுக்கு மேல. பாதிதான் வந்துச்சு, இருந்தாலும் இதைக் குத்துமதிப்புன்னா அநியாயம், ஏன்னா யார் வேணா அதே கணக்கைத் திருப்பிப் போட்டு எந்த இடத்துல இடிக்குதுன்னு காட்டலாம். துண்டுச்சீட்டுக் கணக்குன்னு வைக்க எனக்கு ஆசைதான், ஆனா துண்டுச்சீட்டுன்னாலே இப்ப மேடைக் கிண்டல்தான் ஞாபகம் வருது. அதனால கைக்கணக்கு.

ரூல் ஆஃப் தம்புக்குக் கட்டைவிரல் விதி வேணவே வேணாம், மின்னோட்டத்துக்குக் காந்தப்புலத் திசை காட்டற வலது கை கட்டைவிரல் விதி இயற்பியல்ல ஏற்கெனவே உக்காந்திருக்கு, பசங்க குழம்பிப் போவாங்க. போன மடல்ல அம்மா ஒருத்தர் சொன்ன கைப்பக்குவமும் சரிவராது. கைப்பக்குவத்தை அடுத்தவங்களுக்குச் சொல்லித்தர முடியாது. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்துங்கிறதை யாருக்கு வேணா சொல்லலாம். என் ஓட்டு அனுபவ விதிக்கு.

---

வணக்கம் ஐயா,

குத்துமதிப்பு நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்கட யாழ்ப்பாணப் பக்கம் பருமட்டா எண்டுதான் சொல்லுவம், அதையும் பக்கத்தில போடுங்கோ. கைக்கணக்கும் சரி. அனுபவ விதிதான் எனக்கு இடிக்குது. கூட்டு வட்டி வீதத்தால 72ஐப் பிரிச்சா காசு இரட்டிக்கிற வருசம் வரும், 8 வீதமெண்டா 9 வருசம், இதுவும் ரூல் ஆஃப் தம்ப்தானே? இது அனுபவத்தில வந்ததில்லை, மடக்கைக் (லாகரிதம்) கணக்கில வந்தது. வட்டி இடைவிடாமக் கூடிக்கொண்டே போனா 69.3 வரவேணும், வருசத்துக்கொருக்காக் கூடுற வட்டிக்குக் கிட்ட வரும், லேசாவும் பிரிபடும் எண்டுதான் 72 எடுத்தவை. கைவிதி எண்டு வைப்பமா?

---

பருமட்டு அருமை, சேத்துடறேன். 72 விஷயத்துல நீங்க சொல்றது நியாயம், அனுபவ விதியை எடுத்துடறேன். ஆனா கைவிதின்னா ரேகை ஜோசியம் மாதிரி இருக்கே, வேற யாராவது சொல்லுங்களேன், அதுவரைக்கும் அந்த வரி காலியாவே இருக்கட்டும்.